கொல்லையில் மெஷினை இறக்கும் முன்

(தைப்பட்டத்துக்கு முன்னதாக மத்ரஸா அரங்கில் நடந்த வீட்டுத் தோட்டக் கூட்டத்தில், நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அஸர் தொழுதுவிட்டு, வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்று சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ். மஃரிபு பாங்குக்கு முன் முடித்துவிடுகிறோம்.

இன்றைக்கு விஷயம் ஒன்றுதான். அறக்கட்டளை வாங்கி வைத்திருக்கிற சின்ன டில்லர் மெஷினை உங்கள் கொல்லையில் எப்படி ஓட்டுவது, எப்போது ஓட்டுவது. எப்போது ஓட்டக் கூடாது என்பது அதைவிட முக்கியம். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் நாங்கள் ஒரு வீட்டுக் கொல்லையைக் கெடுத்துவிட்டோம். அதை மறைக்காமல் உங்கள் முன் சொல்லிவிட்டு, பிறகு மற்றதைப் பேசுவதுதான் முறை.

முதலில் மெஷின் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம் டெல்டா பகுதியைப் புரட்டிப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொல்லையில் நின்ற தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. மரம் போன கொல்லைகள் பல வீடுகளில் அப்படியே கிடந்தன. ஆண்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது பெண்களும் வயதானவர்களும். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் வருவதில்லை. வந்தாலும், ஆண் துணை இல்லாத வீட்டின் பின்கட்டுக்குள் அந்நிய ஆளை நாள் முழுக்க விடுவதற்குச் சங்கடம். இப்படியே இரண்டு சென்ட், மூன்று சென்ட் கொல்லைகள் புல் மண்டிப் போயின. அந்த வீடுகளில் கீரைக்கட்டுகூடக் காசு கொடுத்து வாங்கும் நிலை.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ சாப்பிட்டால் அது நட்டவருக்கு ஸதகாவாக எழுதப்படுகிறது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த செய்தி. கொல்லையை வெறுமனே போட்டு வைத்திருந்தால் இந்த நன்மையும் போகிறது, காய்கறிச் செலவும் கூடுகிறது. இதை யோசித்துத்தான் மெஷின் வாங்கினோம். ஜகாத் நிதியில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கவில்லை. ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று குர்ஆனில் எட்டுப் பிரிவினர் சொல்லப்பட்டிருக்கிறார்கள். அது அவர்கள் கைக்குப் போக வேண்டிய பணம். பொதுவில் வைத்துப் புழங்கும் மெஷினுக்கு ஸதகா நிதியைத்தான் பயன்படுத்தினோம்.

மெஷின் பெரியதில்லை. 2 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். இரண்டு பேர் தூக்கி வீட்டு நடை வழியாகவே கொல்லைக்குக் கொண்டுபோய்விடலாம். எஞ்சினுக்கு அடியில் வளைந்த கத்திகள் சுற்றும். பின்னால் மண்ணில் ஊன்றுகிற ஒரு இரும்புக் கம்பி இருக்கும். மண்வெட்டியால் ஒரு ஆள் நாள் முழுக்கக் கொத்துகிற இடத்தை ஒரு மணி நேரத்துக்குள் கிளறிவிடும். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மயங்கினோம்.

போன வருடம் மார்கழிக் கடைசி. மழை விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. தைப்பட்டத்துக்குக் கீரையும் கத்தரியும் வெண்டையும் போட வேண்டும் என்று ஒரு ராத்தா பெயர் எழுதியிருந்தார்கள். கணவர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர்கள். மேல்மண் வெளுத்துக் காய்ந்தாற்போல் தெரிந்தது. எங்களில் ஒருவர்தான் மெஷினை இறக்கி ஓட்டினார். கீழே மண் சொதசொதவென்று இருந்தது. கத்தியில் அப்பிக்கொண்டே வந்தது. நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கத்தியைச் சுரண்டிவிட்டு, இன்னும் இரண்டு தடவை ஓட்டினால் தூளாகிவிடும் என்று திரும்பத் திரும்ப ஓட்டினோம்.

பத்து நாள் வெயில் அடித்ததும் கொல்லை முழுவதும் செங்கல் சூளைபோல ஆகிவிட்டது. கட்டி கட்டியாக, மண்வெட்டி பட்டால் தெறிக்கிற மாதிரி. தெளித்த கீரை விதை முளைத்தது கொஞ்சம், அதுவும் கருகியது. கத்தரி நாற்று நட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் தேங்கி நின்றது. செடி அழுகிவிட்டது.

அந்த ராத்தா எங்களைத் திட்டவில்லை. "கோவம் இல்ல தம்பி. கீரை வித்து புள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன் காசு கட்டலாம்னு இருந்தேன், அதான்" என்றார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

என்ன தவறு செய்தோம் என்று பிறகு வயதான விவசாயி ஒருவர் இரண்டே வார்த்தையில் சொன்னார்: "சேத்துழவு ஓட்டியிருக்கீங்க." நெல்லுக்கு நாம் என்ன செய்கிறோம்? வயலில் தண்ணீர் கட்டி, சேறாக உழுகிறோம். மண்ணுக்குள் இருக்கிற காற்றிடம் அடைபட்டு, கீழே ஒரு இறுகிய அடுக்கு உண்டாகி, தண்ணீர் இறங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம். நெல்லுக்கு அது நன்மை. கத்தரிக்கும் வெண்டைக்கும் அதுவே கேடு. அவற்றின் வேருக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். நம் ஊர் களிமண் மிக நுண்ணிய துகள்களால் ஆனது. ஈரத்தில் கத்தி சுற்றும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடு ஒன்று வழுக்கி ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்தால் செங்கல்தான். செங்கல் அறுப்பவரும் களிமண்ணை ஈரத்தில் பிசைந்து காயத்தானே வைக்கிறார்.

ஆக, மெஷினை வெளியே எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒரு சோதனை. காசில்லை, கருவியில்லை. மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு சாண் ஆழம் தோண்டி, அங்கிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து, அந்த உருண்டையைக் கட்டைவிரலால் லேசாகத் தட்டுங்கள். உதிர்ந்து விழுந்தால் பதம் சரி, ஓட்டலாம். உதிராமல் அமுங்கினால், விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், ஓட்டக் கூடாது. இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். உருண்டையே பிடிக்க வராமல் பொடியாகக் கொட்டினால் அல்லது கல்லாக இருந்தால், ரொம்பக் காய்ந்துவிட்டது. அதில் ஓட்டினால் மெஷின் குதிக்கும், புழுதிதான் பறக்கும். முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பதம் வந்த பிறகு ஓட்டுங்கள். கொல்லையில் நாலு இடத்தில் பாருங்கள். கிணற்றடியும், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடமும் கடைசியில்தான் காயும்.

பட்டம் தவறிவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். பத்து நாள் தள்ளி விதைத்தால் பத்து நாள் தள்ளிக் காய்க்கும். ஈரத்தில் ஓட்டிக் கெடுத்தால் அந்தப் பட்டமே போய்விடும். எங்கள் கையால் அப்படிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

பதம் சரியாகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் உடனே எஞ்சினை இழுக்காதீர்கள். முதலில் கொல்லையை நடந்து பாருங்கள். கஜாவில் பறந்து வந்த தகரத் துண்டு, ஓட்டுச் சில்லு, கண்ணாடி, கொடிக் கயிறு, பழைய சேலைக் கிழிசல், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கயிறும் துணியும் கத்தி அச்சில் சுற்றிக்கொண்டால் அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாய்ந்த தென்னையின் அடிக்கட்டை எங்கே புதைந்திருக்கிறது என்று கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். மோட்டார் வயர், தண்ணீர்க் குழாய், கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள். செப்டிக் டேங்க் மூடியின் மேல் மெஷினோடு ஏறவே கூடாது. பழைய பலகைக்கல் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

நிற்கிற தென்னையைச் சுற்றி 6 அடி தூரத்துக்குள் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. உணவு எடுக்கிற வேர்கள் மேலாகவே பரவியிருக்கும். வாழைக்கும் அதே கதைதான். மரத்தடியில் கைக்கொத்து போதும்.

அடுத்தது புல். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கொல்லை முழுக்க அருகம்புல்லும் கோரையும் கிடக்கிறது, மெஷின் வைத்து ஒரே அடியாக அழித்துவிடலாம் என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். அருகம்புல்லின் தண்டைக் கத்தி பத்துத் துண்டாக வெட்டினால் கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகிறது. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. ஒன்றோடு ஒன்று சங்கிலிபோல் கோத்திருக்கும். மெஷின் அந்தச் சங்கிலியை அறுத்துக் கொல்லை முழுக்கப் பரப்பி விடுகிறது. ஒரு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகப் பச்சை பிடிக்கும். ஆகவே இந்த இரண்டையும் முதலில் களைக்கொத்தால் கிழங்கோடும் தண்டோடும் தோண்டி எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். ஒரே நாளில் முடியாது. தினம் சுபுஹுக்குப் பிறகு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் ஒரு சென்ட் சுத்தமாகிவிடும். விதையில் முளைக்கிற சின்னக் களைகளுக்கு மட்டும்தான் மெஷின் மருந்து.

இனி ஓட்டுகிற முறை. முதல் ஓட்டம் மேலாக, இரண்டு மூன்று அங்குலம் ஆழத்துக்கு மட்டும். பின்னால் இருக்கிற கம்பியை அழுத்தி ஊன்றினால் மெஷின் முன்னே போவது மெதுவாகி, கத்தி ஆழமாக இறங்கும். கம்பியைத் தூக்கினால் வேகமாக நகரும். கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்பி செய்கிற வேலையைக் கம்பியிடம் விடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மக்கிய தொழு உரத்தைப் பரப்புங்கள். சென்ட்டுக்குச் சுமார் 100 கிலோ என்பது கணக்கு. நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண நாற்றம் போய் மண் வாசம் வர வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் மண்ணுக்குள் சூடேறி வேரைக் கெடுக்கும், அதிலிருக்கும் களை விதையும் கூடவே வரும். உரம் பரப்பிய பிறகு இரண்டாவது ஓட்டம், முதலில் ஓட்டிய திசைக்குக் குறுக்காக, 4 முதல் 6 அங்குலம் ஆழம். அதோடு நிறுத்திவிடுங்கள்.

நிறுத்துவதுதான் கஷ்டம். மண் மாவாகப் பொலபொலவென்று வருவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், இன்னொரு தடவை ஓட்டத் தோன்றும். நெல்லிக்காய் அளவு கட்டிகள் இருப்பதுதான் நல்ல மண். அந்தக் கட்டிகளுக்கு நடுவேதான் காற்றும் தண்ணீரும் போகும். மாவாக அரைத்துவிட்டால் முதல் தண்ணீரிலேயே மேலே ஏடு படிந்து இறுகும்; முளை அதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. மண்புழுவும் அடிபடும். வருடா வருடம் ஒரே ஆழத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் கத்தி தொடுகிற இடத்துக்குக் கீழே மண் தகடுபோல் இறுகிவிடும். அதற்காகத்தான் இரண்டு பட்டத்துக்கு ஒரு தடவை கடப்பாரையால் ஆங்காங்கே ஆழக் குத்திவிடச் சொல்கிறோம்.

ஓட்டி முடித்த இடத்தில் மிதித்து நடக்காதீர்கள். மேட்டுப்பாத்தியாக எடுத்துக் கட்டுங்கள். அகலம் மூன்றரை அடிக்குள் இருந்தால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. நடுவே வாய்க்கால் விட்டால் கனமழையிலும் தண்ணீர் வடியும். இப்படி ஒரு தடவை பாத்தி கட்டிவிட்டால், அடுத்த வருடம் மெஷினே தேவைப்படாமல் போகலாம். உரம் போட்டுக் கைக்கொத்தால் கிளறினால் போதும். மெஷின் கேட்டு வருகிற வீடுகள் வருடா வருடம் குறைந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

இப்போது பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மண்ணைக் கிளறுகிற கத்திக்குக் காலும் மண்ணும் ஒன்றுதான். செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. மூடிய ஷூ வேண்டும். கைலியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆண்கள் ஓட்டக் கூடாது. சகோதரிகள் துப்பட்டாவின் முனையை உள்ளே செருகி, தொங்கல் எதுவும் இல்லாமல் உடுத்திக்கொள்ள வேண்டும். கொல்லையில் வேறு யாரும் பார்க்க வழியில்லை என்றால் புர்கா அணியாமல், உடலோடு ஒட்டிய முழு உடையில் ஓட்டுவதே பாதுகாப்பு. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும், கதவைத் தாழ் போடுங்கள். சத்தம் கேட்டுப் பார்க்க ஓடி வருவார்கள்.

எஞ்சின் ஓடும்போது மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பின்னால் நடக்காதீர்கள். தடுக்கி விழுந்தால் மெஷின் மேலே ஏறிவிடும். திருப்ப வேண்டுமானால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கத்தி நின்ற பிறகு தூக்கித் திருப்புங்கள். கத்தியில் ஏதாவது சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். அதன் பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். நின்றிருக்கிற எஞ்சின் கத்தியைத் திருப்பும்போது ஒரு துடி துடித்தால் விரல் போய்விடும். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு. நம் வீடுகளில் அடுப்படி கொல்லையை ஒட்டியே இருக்கிறது. அடுப்பு எரியும்போது அந்தப் பக்கம் பெட்ரோல் கேன் போகவே கூடாது. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கிற மணமில்லாத வாயு ஆளை மயக்கிவிடும்.

மெஷின் நல்லபடி இருக்கவும் இரண்டு வார்த்தை. ஒவ்வொரு தடவையும் சமதளத்தில் நிறுத்தி எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில நிமிடத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இது நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயிலுக்குத் தனி இடம் இருக்கிறது. புழுதியில் ஓட்டிய பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கத்தியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டித் துடைத்துக் கொடுங்கள். உங்கள் கொல்லையின் கோரைக்கிழங்கு அந்த மண்ணோடு அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் இதுதான் வழி.

மெஷினுக்கு வாடகை கிடையாது. பெட்ரோல் உங்களுடையது. இது பலர் கொடுத்த ஸதகாவில் வாங்கிய பொருள். உங்கள் கையில் இருக்கும் நேரம் அது உங்களிடம் அமானத். உடைந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சரிசெய்துவிடலாம். பக்கத்து வீட்டில் நோயாளியோ, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுங்கள். மஃரிபுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தடவை புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நம் சகோதரிகள் இரண்டு பேர் மெஷின் ஓட்ட நன்றாகப் பழகியிருக்கிறார்கள். ஆண்கள் இல்லாத வீடுகளுக்கு அவர்களே வந்து, முதலில் மண்ணைப் பிடித்துப் பார்த்து, பதம் சரியென்றால் மட்டும் ஓட்டித் தருவார்கள். அவர்கள் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அந்தத் தீர்மானத்தை முழுக்க அவர்களிடமே விட்டிருக்கிறோம்.

அந்த ராத்தாவின் கொல்லை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நஷ்டம் எங்கள் கவனக்குறைவால் வந்தது. அதனால் மூன்று மாத வேன் காசை நிர்வாகிகள் எங்கள் சொந்தப் பணத்தில் கட்டினோம். அறக்கட்டளைக் கணக்கில் கை வைக்கவில்லை. கொல்லையை மெஷினால் சரிசெய்ய முடியவில்லை. கோடை மழைக்குக் காத்திருந்து, கட்டிகள் நனைந்து தானாக உடைந்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்தோம். அதன் வேர் இறுகிய மண்ணுக்குள் இறங்கியது. 45 நாளில், பூக்கிற நேரத்தில், அரிவாளால் சிறிது சிறிதாக நறுக்கிப்போட்டு, பதம் பார்த்து, ஒரே ஒரு தடவை மேலாக ஓட்டி மண்ணில் கலந்தோம். நறுக்காமல் ஓட்டினால் தண்டெல்லாம் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அது மக்கிய பிறகு, ஆடிப்பட்டத்தில் வெண்டையும் அவரையும் போட்டார்கள். முழுக்கப் பழைய மண்ணாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கிணற்றடிப் பக்கம் இன்னும் தண்ணீர் கொஞ்சம் தேங்குகிறது. ஆனால் வெண்டை காய்த்தது. முதல் பறிப்பில் ஒரு கூடை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லுங்க, இன்னொரு வீட்டுல இப்படி ஆவக் கூடாது" என்று சம்மதித்ததும் அவர்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கக் கொல்லைக்கு வாருங்கள். இரண்டு தட்டில் மண் வைத்திருக்கிறோம். ஒன்று பதமானது, ஒன்று ஈரம் அதிகமானது. ஒவ்வொருவரும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். காதால் கேட்டதைவிடக் கை நன்றாக ஞாபகம் வைத்திருக்கும். மெஷினுக்குப் பெயர் எழுதுகிறவர்கள் அதன் பிறகு எழுதலாம்.

அல்லாஹ் நம் மண்ணிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. நாம் விதைப்பதை நமக்கும், அண்டை வீட்டாருக்கும், வேலியில் வந்து உட்காரும் குருவிக்கும் உணவாக ஆக்குவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.